திட்ட மேலாளர் நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளர் பணிக்கு நேர்காணல் என்று அழைப்பு வந்ததும், பலர் முதலில் தேடிச் செல்வது வினா-விடைத் தொகுப்புகளைத்தான். அஜைல் என்றால் என்ன, ரிஸ்க் என்றால் என்ன என்று வரையறைகளைத் தடையின்றி ஒப்பித்த பலரை நான் கேள்வி கேட்கும் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். "நீங்கள் கடைசியாக நடத்திய திட்டம் எத்தனை நாள் தள்ளிப்போனது, தள்ளிப்போகும் என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்டவுடன் அவர்களில் பாதிப்பேர் மௌனமாகிவிடுவார்கள். வரையறையை யாரும் படித்துச் சொல்லிவிடலாம். ஒரு தாமதத்தைத் தேதியோடும் எண்ணோடும் விவரிக்க, அதை நடத்தியவரால்தான் முடியும்.

ஆகவே, தயாரிப்பை உங்கள் பழைய திட்டங்களிலிருந்து தொடங்குங்கள். கடந்த சில ஆண்டுகளில் நடத்தியவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குழுவின் அளவு, தொடங்கிய தேதி, திட்டமிட்ட முடிவு, உண்மையான முடிவு, இடையில் எடுத்த பெரிய முடிவுகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது கோணலாகப் போன திட்டமாக இருக்கட்டும். நிறுவனத்தின் கோப்புகளை வெளியே எடுத்துவருவது தவறு என்பதால் நினைவிலிருந்தே எழுத வேண்டும். கிளையன்ட்டின் பெயரையும் நேர்காணலில் சொல்லாமல் விடுவதே நாகரிகம்.

அடுத்து, பணி விவரத்தை நிதானமாகப் படியுங்கள். திட்ட மேலாளர் என்ற ஒரே பெயரின் கீழ் நிறுவனத்துக்கு நிறுவனம் வேலை வேறுபடும். மென்பொருளைச் சிறுசிறு கட்டங்களாக உருவாக்கும் ஸ்க்ரம் முறையின் அதிகாரப்பூர்வ வழிகாட்டியில் புராடக்ட் ஓனர் (எதை முதலில் உருவாக்குவது என்று முடிவெடுப்பவர்), ஸ்க்ரம் மாஸ்டர் (முறை சரியாக நடக்கப் பார்த்துக்கொள்பவர்), டெவலப்பர்கள் என்ற மூன்று பொறுப்புகளே உள்ளன. திட்ட மேலாளர் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அதனால் ஸ்க்ரம் முறையில் இயங்கும் நிறுவனத்தில், "இங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்றே நேராகக் கேட்டுவிடுவார்கள். பல குழுக்கள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் இடங்களைக் கவனிப்பது, செலவுக் கணக்கு, வெளி நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள், ரிலீஸ் தேதியைப் பற்றி மேலிடத்துக்கு உள்ளதை உள்ளபடி சொல்வது என்று, பணி விவரத்தில் உள்ள சொற்களைக் கொண்டே இதற்குப் பதில் அமைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கோணலாகப் போன அந்தத் திட்டத்துக்கு வருவோம். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லும் ஸ்டார் முறையை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். அது நல்ல சட்டகம்தான் என்றாலும், பெரும்பாலோர் சூழலுக்கே நேரத்தையெல்லாம் கொடுத்துவிட்டுச் செயலை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். "வெளி நிறுவனம் தாமதித்ததால் ரிலீஸ் தள்ளிப்போனது, நாங்கள் கடுமையாக உழைத்துச் சமாளித்தோம்" என்பது அத்தகைய பதில். அதே நிகழ்வை இப்படியும் சொல்லலாம்: "ரிலீஸுக்கு 6 வாரம் இருந்தபோது, பணம் செலுத்தும் வசதிக்கான டெஸ்ட் சூழல் குறித்த நாளில் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், இது 3 வாரத் தாமதமாகும் என்று கணக்கிட்டு, தேதியை நகர்த்துவது, அல்லது பணத்தைத் திருப்பித் தரும் வசதியை அடுத்த ரிலீஸுக்கு ஒத்திவைத்துச் சோதிக்க வேண்டியதைக் குறைப்பது என்ற இரு வழிகளைக் கிளையன்ட் முன் வைத்தேன். இரண்டாவதைத் தேர்ந்தார்கள், 5 நாள் தாமதத்தில் வெளியிட்டோம். தொடக்கத்திலேயே, உண்மையான சேவைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்க ஒரு மாதிரிச் சேவையை உருவாக்கச் சொல்லியிருந்தால் அந்த 5 நாளும் மிஞ்சியிருக்கும்; அது என் கவனக்குறைவு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் கேட்பவர்கள் பேனாவை எடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். "ஏன் இரண்டு நாள் பொறுத்தீர்கள்? வசதியைக் குறைக்க புராடக்ட் ஓனர் ஒப்புக்கொண்டாரா? குழு என்ன சொன்னது?" என்று குறுக்குக் கேள்விகள் தொடரும். எனவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் இத்தகைய மூன்று, நான்கு கேள்விகளை நீங்களே எழுப்பிப் பாருங்கள். "நாங்கள்" என்ற சொல்லையும் கவனியுங்கள். வேலையைக் குழு செய்தது என்பது உண்மை. முடிவை யார் எடுத்தார் என்பதே கேள்வி. அந்த இடத்தில் மட்டும் "நான்" என்று சொல்வது தற்பெருமை ஆகாது.

எண்களில் தடுமாறாமல் இருக்கச் சில கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள். ஒரு வேலை சாதகமாக நடந்தால் 4 நாள், வழக்கமாக 7 நாள், மோசமாகப் போனால் 16 நாள் ஆகும் என்றால், நடுவெண்ணை நான்கு மடங்காக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்கும்போது 8 நாள் கிடைக்கும். 200 மனித நாள் (ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை ஒரு மனித நாள்) திட்டத்தில் இன்று 100 நாள் வேலை முடிந்திருக்க வேண்டிய நிலையில், முடிந்தது 80, செலவானது 110 என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைக் குறியீடு (முடிந்தது ÷ முடிந்திருக்க வேண்டியது) 0.8, செலவுக் குறியீடு (முடிந்தது ÷ செலவானது) ஏறத்தாழ 0.73, இதே போக்கில் போனால் மொத்தம் (200 × 110 ÷ 80) 275 மனித நாள் ஆகும். சூத்திரத்தைச் சொல்வதோடு நிற்காமல், 275 என்ற எண்ணை வைத்து அடுத்து யாரிடம் போய்ப் பேசுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"தாமதமானால் ஆட்களைச் சேர்ப்பீர்களா?" என்ற கேள்வி ஏறக்குறைய நிச்சயம். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் தாமதப்படுத்தும் என்று கணினி அறிவியலாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க பழையவர்களின் நேரம் போகிறது. 5 பேர் இருக்கும்போது 10 இணைகளாக இருந்த பேச்சுவழிகள் 8 பேரானதும் 28 ஆகின்றன. ஆயினும் "கூடவே கூடாது" என்று அடித்துச் சொல்லாதீர்கள். தனியே பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை இருந்து, காலமும் மிச்சமிருந்தால் ஆட்களைச் சேர்ப்பதில் தவறில்லை.

வேலைகளைப் பதிவுசெய்து பின்தொடர உதவும் ஜிரா போன்ற கருவிகளைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் இரண்டு வாக்கியம் போதும். நிரல் (கோடு) எழுதத் தெரிய வேண்டும் என்பதும் பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் நீங்கள் நடத்திய மென்பொருளைப் பலகையில் நான்கைந்து பெட்டிகளாக வரைந்து, பயனர் ஒரு பொத்தானை அழுத்தியதிலிருந்து டேட்டாபேஸ்வரை என்ன நடக்கிறது, ரிலீஸ் பழுதானால் பழைய பதிப்புக்கு எப்படித் திரும்புவீர்கள் என்பதை விளக்கத் தெரிய வேண்டும். இதில் தடுமாறினால் டெவலப்பர்கள் உங்கள் சொல்லை மதிப்பார்களா என்ற ஐயம் வந்துவிடும்.

எழுதியவற்றை வாய்விட்டுச் சொல்லி, கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். எனக்கு முதல்முறை கேட்டபோது கூசியது; இரண்டு நிமிடம் என்று நினைத்திருந்த பதில் ஐந்து நிமிடம் ஓடியிருந்தது. மனப்பாடம் செய்ய வேண்டாம், தேதிகளும் எண்களும் மட்டும் நினைவில் நின்றால் போதும்.

முடிவில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். ரிலீஸ் தேதியைக் குழு மதிப்பிட்டுச் சொல்கிறதா, மேலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். தரம் போதாதென்று ஒரு ரிலீஸைக் கடைசியாக நிறுத்தியது எப்போது, நிறுத்தச் சொன்னவர் யார் என்றும் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அந்த வேலையை ஏற்பதா என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கலாம்.