பாய் விரித்துவிட்டுக் கிட்டாரைத் தொடுங்கள்

கம்பி மாற்ற வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் நேராகக் கட்டிலைத்தான் காட்டுவார்கள். மெத்தென்று இருக்கிறது, கிட்டாருக்கு அடிபடாது என்ற நினைப்பு. மெத்தையில் கிட்டார் ஆடும். கம்பியின் அடிமுனையை உடலில் பிடித்து வைக்கும் சின்ன முளையான பிரிட்ஜ் பின், கை தவறினால் போர்வை மடிப்புக்குள் போய்விடும். டைனிங் டேபிளைக் காலி செய்யச் சொல்லி, பையில் சுருட்டி வைத்திருக்கும் பாயை, அதாவது வேலை மேட்டை, விரிப்பேன்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும். கிட்டாரின் உடல் மேட்டில் படுக்கும், கழுத்துக்குத் தனி முட்டு. கழுத்தின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக் மேசையைத் தொடாமல் நின்றால்தான், கம்பியை முறுக்கும் கீயைத் தடையில்லாமல் திருகலாம்.

ஜமக்காளம் போதாதா என்பார்கள். நறுக்கிய கம்பித் துண்டு நெசவில் செருகிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை கிட்டார் முதுகில் கோடு விழும்போதுதான் தெரியும். துடைத்தால் சுத்தமாகிற மேட்தான் சரி. ஆனால் ரப்பர், வினைல் மேட் என்றால் ஒரு எச்சரிக்கை. கிப்ஸன் போன்ற கிட்டார்களில் வரும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்ற மேல்பூச்சுக்கு அவை ஆகாது. நெடுநேரம் ஒட்டிக் கிடந்தால் பூச்சு இளகித் தடம் பதியும். மலிவான யோகா மேட் பலவும் பிவிசிதான். மேலே பழைய பருத்தி வேட்டியைச் சுத்தமாகத் துவைத்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் கிட்டாரை எடுத்துவிடுங்கள்.

இறுக்கமாக இருக்கும் கம்பியை வெட்டாதீர்கள், சாட்டை மாதிரி முகத்துக்கு வரும். தொளதொளவென்று தளர்த்திய பிறகே கட்டிங் பிளேயர். அக்கவுஸ்டிக்கில் பிரிட்ஜ் பின் வெளியே வர மறுத்தால், கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு இழுங்கள். மேட்டின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கம்பி எண்களை 6 முதல் 1 வரை எழுதி, கழற்றிய பின்களை அந்த வரிசையில் வைப்பது என் வழக்கம். பழைய கிட்டாரில் ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்திருக்கும். பின் இடம் மாறினால் சரியாக உட்காராது. புதுக் கம்பியின் அடிமுனையிலுள்ள குண்டு, பிரிட்ஜ் பின்னின் நுனியில் நிற்கக் கூடாது. பின்னை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுத்தால், அந்தக் குண்டு உள்ளே இருக்கும் பிரிட்ஜ் பிளேட் என்ற பலகையில் போய் முட்டும். அதைக் கையாலேயே உணரலாம்.

விரல் அழுத்தும் கழுத்துப் பலகையான ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட் என்றால் லெமன் ஆயில் நாலு சொட்டு, துணியில் விட்டு. வார்னிஷ் அடித்த மேப்பிளுக்கு அது வேண்டாம். எலக்ட்ரிக்கில் ஃப்ரெட்டை (பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) ஸ்டீல் வுல்லால் தேய்ப்பதானால், கம்பியின் ஒலியை வாங்கும் காந்தப் பகுதியான பிக்கப்பை டேப்பால் முழுக்க மூடுங்கள். அந்த இரும்புத் தூளைக் காந்தம் பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. டேப்பை உரிப்பதற்கு முன்பே மேட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ட்யூன் செய்தபின் ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டிலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கும்போது மட்டும் கிட்டாரை மேட்டில் படுக்க வைக்காதீர்கள். முட்டு கழுத்தைத் தாங்குவதால் அளவு பொய் சொல்லும். மடியில் வாசிக்கிற நிலையில் பிடித்து, 12வது ஃப்ரெட்டில் அளவு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அக்கவுஸ்டிக்கில் தடித்த ஆறாவது கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலோருக்குக் கை வலிக்காது.