மலை ஏற மறுக்கும் கார்: பெற்றோல் அழுத்தமா, காற்றளவு சென்ஸரா?

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக இறம்பொடை வளைவுகளில் ஏறும்போது, எக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தும் கார் இழுக்காமல் திணறினால், கராஜில் நமக்குச் சொல்லப்படும் முதல் காரணம் பெரும்பாலும் பெற்றோல் பம்ப்பாகவே இருக்கும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைத்து அளக்கும் சென்ஸரும் அச்சு அசலாக இதே திணறலைத் தரும். ஏனெனில் காற்று குறைவு என்று நம்பும் கணினி, பெற்றோலையும் குறைத்தே தெளிக்கிறது. இரண்டுக்கும் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்து பி0171 என்ற ஒரே குறியீடு பதிவாவது வழக்கம். அந்தக் குறியீடு கலவையில் பெற்றோல் போதவில்லை என்கிறதே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை.

மலைநாட்டில் இருப்பவர்கள் முதலில் உயரத்தின் கணக்கைக் கழித்துவிட வேண்டும். கடல்மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் ஹட்டனில் 87 அளவுக்கும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 81 அளவுக்கும் இறங்குகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு, அது பழுதன்று. ஆனால் காற்று குறைவதைச் சென்ஸர் அளந்து சொல்லிவிடுவதால், பெற்றோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் மாறக் கூடாது. எனவே கொழும்பில் சரியாக இருந்த ஃபியூவல் ட்ரிம் அளவு (கலவையைச் சரிசெய்யக் கணினி பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) நுவரெலியாவில் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். வலு குறைந்து ட்ரிம் மாறாதிருந்தால் மலையின் வேலை. ட்ரிம்மும் சேர்ந்து ஏறினால் காரின் கோளாறு.

அடுத்து, உங்கள் காரில் எந்தச் சென்ஸர் உள்ளது என்று பாருங்கள். டொயோட்டாவின் 1.5 லீற்றர் 1என்இசட் எஞ்சின்களில் எயார் ஃபில்ட்டர் பெட்டியை ஒட்டி, காற்றின் நிறையை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்ஸர் உண்டு. சிறிய சுசுகி கார்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக, மெனிஃபோல்டின், அதாவது எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியின், அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. சென்ஸர் இருக்கும். இந்த இரண்டாவதைச் சோதிக்க மலைநாடு வசதியான இடம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, காரின் கணினியோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்தால், அது இருக்கும் இடத்தின் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும். நுவரெலியாவில் நின்றுகொண்டு 100 என்று காட்டும் சென்ஸர் பொய் சொல்கிறது. மெனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வெக்யூம் மானியை நம்பும் பழைய பாஸ்மார் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு: கொழும்பில் ஐட்லிங்கில் 18 முதல் 20 பாதரச அங்குலம் காட்டும் நல்ல எஞ்சின், நுவரெலியாவில் 12 முதல் 14 அளவில்தான் நிற்கும்.

இனி ட்ரிம்மைப் படிப்போம். ஸ்கேனர் காட்டும் குறுகிய கால ட்ரிம் (அந்தக் கணத்துத் திருத்தம்), நீண்ட கால ட்ரிம் (கணினி பழகி வைத்திருக்கும் திருத்தம்) இரண்டையும் கூட்டி, எஞ்சின் சூடான பின் ஐட்லிங்கில் ஒரு தடவையும், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஒரு தடவையும், ஏற்றத்தில் ஒரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் 20 காட்டி, சுற்று ஏறும்போது இறங்கினால் சென்ஸருக்குப் பின்னால் எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்றுக் கசிகிறது. ஐட்லிங்கில் நன்றாக இருந்து ஏற்றத்தில் கூடிக்கொண்டே போனால், ஒன்றில் பெற்றோல் போதவில்லை, அல்லது எம்.ஏ.எஃப். குறைத்து அளக்கிறது.

இவ்விரண்டையும் பிரிப்பதுதான் கடினமான இடம். நானும் இங்கேதான் ஏமாந்தேன். ஒரு கராஜில் சொன்னதைக் கேட்டு பம்ப்பை மாற்றினேன். அடுத்த நாளே அதே வளைவில் அதே திணறல். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.5 லீற்றர் எஞ்சின் 4,000 சுற்றில் முழு மிதிப்பில் கடல்மட்டத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 50 கிராம் காற்றை இழுக்கும். நுவரெலியாவில் அது 40 கிராம் அளவாகும். என் ஸ்கேனர் 26 என்றது. சென்ஸரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, முடி போன்ற மெல்லிய கம்பியில் பழுப்பு நிறப் பஞ்சு இழை ஒன்று ஈரத் தூசியோடு ஒட்டியிருந்தது. எயார் ஃபில்ட்டரின் ஓரம் கிழிந்திருந்ததைப் பம்ப் மாற்றியவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சென்ஸர் 40 கிராமுக்கு அருகில் காட்டியும் ட்ரிம் ஏறியிருந்தால் மட்டுமே பெற்றோல் பக்கம் போயிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் போவதானால், முதலில் பம்ப்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு மானியைப் பொருத்துங்கள். சாதாரண இன்ஜெக்டர் முறையில் 3 முதல் 3.5 பார் வரை எதிர்பார்க்கலாம். சரியான அளவு அந்தக் காரின் கைநூலில் இருக்கும். நின்ற இடத்தில் அழுத்தம் சரியாக இருப்பதை வைத்து பம்ப் நல்லது என்று முடிவெடுக்காதீர்கள். தேய்ந்த பம்ப்பும் அடைபட்ட ஃபில்ட்டரும் ஐட்லிங்கில் நல்ல பிள்ளைகளாக இருந்துவிட்டு, ஏற்றத்தில்தான் கைவிடும். ஆகவே அழுத்தத்தை ஓட்டத்திலும் பார்க்க வேண்டும். பெற்றோல் குழாயைக் காருக்குள் கொண்டுவராமல், மானியைக் கண்ணாடிக்கு வெளியே கட்டி, பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் விழுந்தாலும் உடனே பம்ப் வாங்க வேண்டாம். பம்ப்பின் சொக்கெட்டில் கிடைக்கும் வோல்டேஜ் பற்றரியை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், குறை வயரிலோ ரிலேயிலோ எர்த்திலோ இருக்கலாம். மூடுபனியிலும் மழையிலும் நிற்கும் நம் வாகனங்களில் சொக்கெட் ஊசிகள் பச்சை பூத்துப்போவது சாதாரணம்.

எம்.ஏ.எஃப். கம்பியைச் சுத்தம் செய்ய அதற்கென விற்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்துங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், துணியோ பிரஷ்ஷோ கம்பியில் படவே கூடாது. நன்றாக உலர்ந்த பின் பூட்டி, குறியீட்டை அழித்துவிட்டு, முன்பு திணறிய அதே ஏற்றத்தில் ஓட்டி ட்ரிம்மை மீண்டும் குறித்துப் பாருங்கள்.