கிரஞ்ச்பேங்கை மறுபடி நிறுவப் போகிறீர்களா?

பரணில் கிடந்த லேப்டாப்பைத் தூசு தட்டி எடுத்ததும் பலருக்கு கிரஞ்ச்பேங் ஞாபகம் வந்துவிடும். கருஞ்சாம்பல் திரை, ஓரத்தில் கீபோர்டு குறுக்குவழிகளைக் காட்டும் காங்கி, ரைட் கிளிக் செய்தால் விரியும் மெனு. பிலிப் நியூபரோ உருவாக்கிய அந்த லினக்ஸ் இயங்குதளம் 2015 பிப்ரவரியில் நின்றுபோனது. எனக்கு அதன் மேல் மிகுந்த பிரியம். ஆனாலும் அதன் ஐஎஸ்ஓவை, அதாவது பழைய நிறுவல் கோப்பை, இன்று நிறுவுவதுதான் முதல் தவறு.

கடைசிப் பதிப்பான வால்டார்ஃப் 2013 மே மாதம் வந்தது. அடித்தளம் டெபியன் 7 என்ற இன்னொரு லினக்ஸ். ஹார்ட்பிளீட், ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் இரண்டும் 2014இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அந்த ஓட்டைகள் ஐஎஸ்ஓவுக்குள் அப்படியே இருக்கின்றன. அப்டேட் போட்டால் சரியாகிவிடும் என்று பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கட்டளையைக் கொடுத்தால், கோப்பு கிடைக்கவில்லை என்ற 404 பிழைதான் வரும். பழைய பேக்கேஜ்கள் டெபியனின் ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டன. அங்கிருந்து எடுத்தாலும் 2018 மே மாதத்துக்குப் பிறகு டெபியன் எதையும் திருத்தவில்லை.

அந்த 404ஐப் பார்த்ததும் பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸஸ் கோப்பில் இன்றைய டெபியனின் பெயரைப் போட்டு ஒரே தாவலில் மேம்படுத்தப் பார்ப்பார்கள். வேண்டாம். டெபியன் ஒவ்வொரு பதிப்பாக ஏறுவதைத்தான் ஆதரிக்கிறது. இடையில் கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வந்திருக்கிறது, கோப்புறை அமைப்பே மாறியிருக்கிறது. பாதியில் நின்றால் மெஷின் பூட் ஆகாமலே போகலாம்.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது பிரவுசர் எச்சரிக்கையைத் தாண்டிப் போவது. தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் சான்றிதழ்களைப் பழைய பிரவுசர்கள் நம்பக் காரணமாக இருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. அதனால் எத்தனையோ தளங்களில் எச்சரிக்கை வரும். பத்து முறை 'பரவாயில்லை' என்று அழுத்திப் பழகிய விரல், உண்மையிலேயே போலியான தளம் வரும்போதும் அதையேதான் அழுத்தும். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே திறக்காதீர்கள்.

நமக்குப் பிடித்தது விண்டோக்களை நிர்வகிக்கும் ஓப்பன்பாக்ஸ், டாஸ்க்பார் தரும் டின்ட்2, காங்கி என்ற கூட்டணிதானே? மூன்றையும் இன்றைய டெபியனிலேயே நிறுவலாம். இனி நேரடியாக டெபியனையே பயன்படுத்துவது மக்களுக்கு நல்லது என்றுதான் நியூபரோவும் விடைபெறும்போது சொன்னார். கையால் கட்ட நேரமில்லை என்றால் கிரஞ்ச்பேங் பயனர் சமூகமே தொடங்கிய பன்சன்லேப்ஸ் என்ற லினக்ஸ் இருக்கிறது.

பழைய அமைப்புக் கோப்புகளை மட்டும் அப்படியே நகலெடுக்காதீர்கள். காங்கி 1.10 முதல் அதன் கோப்பு லுவா நிரல்மொழி வடிவத்துக்கு மாறிவிட்டது. மெனு கோப்போ 'சிபி' என்று தொடங்கும் கிரஞ்ச்பேங்கின் சொந்த ஸ்கிரிப்ட்களை அழைக்கிறது. புது டெபியனில் அவை கிடையாது. 'எக்சிட்' அழுத்தினால் எதுவுமே நடக்காது.

டெஸ்க்டாப் லேசாக இருந்தால் போதும் என்று ராமை மறந்துவிடவும் கூடாது. 1 ஜிபியில் பிரவுசர் திணறத்தான் செய்யும். டவுன்லோடுக்கு முன் பிராசஸரையும் பாருங்கள்: 2025இல் வந்த டெபியன் 13இல் 32-பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலரே இல்லை. அவற்றுக்கு டெபியன் 12தான் கடைசி.