போட்டி முடிந்த பிறகும் மனப்பாட வசனங்களைக் காத்துக்கொள்வது எப்படி?

சேகர அளவிலான (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டார அளவிலான) வேதாகம வசன மனப்பாடப் போட்டி முடிந்து, பரிசும் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. அடுத்த போட்டிக்கான பகுதியை அறிவிக்க இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. கற்றவை மறந்துபோவது இந்த இடைவெளியில்தான். மேடையில் பிலிப்பியர் நிருபத்தை (பிலிப்பி பட்டணச் சபைக்குப் பவுல் எழுதிய, புதிய ஏற்பாட்டில் உள்ள கடிதம்) ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்த பிள்ளைகள், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இரண்டாம் அதிகாரத்திலேயே திணறினார்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் ஞாயிறு பள்ளியில் செய்துகொண்ட ஏற்பாடுதான் இது. வீட்டில் என் மகளோடும் இதையே கடைப்பிடிக்கிறேன். பவுல் கட்டுகளோடு காவலில் இருந்து எழுதிய நிருபம் ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் துணை வர வேண்டும் என்பது என் ஆசை. பரிசளிப்பு விழாவோடு அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பிலிப்பியரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான்கு அதிகாரம், 104 வசனம். தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற அளவு.

1. ஒரே வேதாகமம்

ஆண்டு முழுவதும் ஒரே பிரதியைப் பயன்படுத்துங்கள். அச்சுப் பிரதியாக இருக்கட்டும். வசனம் எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில், மேலேயா கீழேயா என்று கண் நினைவில் வைத்துக்கொள்கிறது. கைப்பேசித் திரையில் எல்லா வசனமும் ஒரே இடத்தில்தான் தெரியும். அந்த உதவி கிடைக்காது. மொழிபெயர்ப்பும் மாறக் கூடாது. எங்கள் பக்கத்துப் போட்டிகளில் பழைய மொழிபெயர்ப்புதான் கேட்கிறார்கள் என்பதால் நாங்கள் அதையே வைத்திருக்கிறோம்.

2. எது நிற்கிறது, எது போய்விட்டது?

புதிய வசனத்தை இப்போது தொடாதீர்கள். முதலில் முழு நிருபத்தையும் நான்கு மாலைகளாகப் பிரித்து, பார்க்காமல் ஒப்புவிக்கச் சொல்லுங்கள். தடைப்படும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும். கேட்பவர் திருத்தவோ கண்டிக்கவோ வேண்டாம்.

3. அட்டை எழுதுவது

பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கம் இதற்கு அருமையானது. தடிமனாக இருக்கும், காசும் செலவில்லை. ஒருபுறம் வசன எண், மறுபுறம் வசனம். பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். அம்மா எழுதிக் கொடுத்த அட்டையால் பாதிப் பலன்தான்.

வசனத்துக்கு ஓர் அட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். வசன எண் முடிகிற இடத்தில் வாக்கியம் முடிவதில்லை. பிலிப்பியர் 2:9-ஐப் பாருங்கள்: “ஆதலால் தேவன் எல்லாவற்றிற்கும் மேலாக அவரை உயர்த்தி,” என்று அந்தரத்தில் நிற்கிறது. “முடங்கும்படிக்கும்” என்று 10-ஆம் வசனம் அதைத் தொடர்கிறது. “எல்லா நாமத்திற்கும் மேலான நாமத்தை அவருக்குத் தந்தருளினார்” என்று 11-ஆம் வசனத்தின் கடைசியில்தான் வினைமுற்று வருகிறது. தனித்தனி அட்டையாக எழுதிய பிள்ளைகள் 9-ஐச் சொல்லிவிட்டு முடிந்ததாக நின்றுவிடுகிறார்கள். ஆகவே மூன்று வசனத்துக்கும் தனி அட்டைகளோடு, மூன்றும் சேர்ந்த ஓர் அட்டையும் வேண்டும்.

அதே பகுதியில், ஒத்த சொற்களால் பிள்ளைகள் குழம்பும் இன்னொரு இடமும் இருக்கிறது. 6-ஆம் வசனத்தில் “தேவனுடைய ரூபமாயிருந்தும்”, 7-இல் “அடிமையின் ரூபமெடுத்து”, 8-இல் “மனுஷரூபமாய்”. 7-இலும் 8-இலும் “தம்மைத்தாமே” வருகிறது. முதலில் “வெறுமையாக்கி”, பிறகு “தாழ்த்தினார்”. இப்படி ஒத்துப்போகும் சொற்களைச் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். பிறகு வரிசையை வாயால் விளக்கச் சொல்லுங்கள்: தேவன், அடிமை, மனுஷன், சிலுவை மரணம். படிப்படியாக இறங்கிவருகிற அந்த வழி புரிந்துவிட்டால் சொல் தானாகத் தன் இடத்தில் உட்காரும்.

(119-ஆம் சங்கீதம் கற்றவர்களுக்கு இந்தத் தொல்லை பல மடங்கு. 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள்; கற்பனைகள், கட்டளைகள், பிரமாணங்கள், சாட்சிகள் எல்லாம் மாறி மாறி வரும். அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள்.)

4. நடுவிலிருந்து தொடங்குவது

பலர் தவறவிடும் படி இதுதான். அதிகாரத்தை முதலிலிருந்தே ஒப்புவித்துப் பழகிய பிள்ளை, ஒவ்வொரு வசனத்துக்கும் முந்தைய வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. திடீரென்று “பிலிப்பியர் 2:8?” என்று கேளுங்கள். உதடு மட்டும் அசையும். 5, 6, 7 என்று விரல் மடங்கும். அப்புறம்தான் பதில் வரும். வினாடி வினாவில் அதற்குள் எதிரணி மணியை அழுத்திவிடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. துக்கத்திலோ பயத்திலோ இருக்கும்போது ஒரு வசனம் தேவைப்படுகிறது. அப்போது யாரும் முதல் வசனத்திலிருந்து எண்ணிக்கொண்டு வர முடியாது.

அதனால் அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள். வசன எண்ணைப் பார்த்து வசனம் சொல்ல வேண்டும். மறுநாள் வசனத்தைப் பார்த்து எண் சொல்ல வேண்டும். வசனத்துக்கு முன்னும் பின்னும் எண்ணைச் சொல்லுகிற பழக்கம் இருக்கட்டும்: “பிலிப்பியர் 2:5. கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது. பிலிப்பியர் 2:5.”

கேட்பவருக்கும் ஒரு விதி. பிள்ளை நின்றவுடன் அடியெடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தில் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கும் சொல் அப்புறம் எளிதில் மறப்பதில்லை. வரவே இல்லையென்றால் ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள், முழு வரியை அல்ல. அன்புள்ள பாட்டிமார்களுக்கு இது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

5. ஐந்து அறைப் பெட்டி

செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1972-இல் தம் நூலில் விளக்கிய முறை இது. இனிப்புப் பெட்டி ஒன்றில் அட்டை வைத்து ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். பென்சில் புள்ளி விழுந்த வசனங்கள் எல்லாம் முதல் அறையில் தொடங்கட்டும், மற்றவை மூன்றாவதில்.

ஆன்கி என்ற செயலி இதே வேலையைத் தானாகச் செய்கிறது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. கல்லூரி மாணவர்களுக்கு நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அட்டைப் பெட்டியையே சொல்லுவேன். கைப்பேசியைக் கையில் கொடுத்தால் வசனத்தோடு நிற்காது.

6. வேத பாடம்

வாரத்தில் ஒரு நாள் அட்டையே வேண்டாம். குடும்ப ஜெப நேரத்தில் நிருபம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் அப்போஸ்தலர் 16-ஐத் திறங்கள். பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடினவர் பவுல். அதே ஊர்ச் சபைக்குத்தான், மறுபடியும் கட்டப்பட்ட நிலையில், “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்று எழுதுகிறார். பிலிப்பியில் பவுலைக் காவல் காத்து, பிறகு விசுவாசியான சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் இந்த வரியைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இன்னொரு வாரம் 4:2-இல் வரும் இரண்டு பெண்களைப் பாருங்கள். “ஒரே சிந்தையாயிருக்க” அவர்களுக்குப் புத்தி சொல்லுகிறார். அந்தச் “சிந்தை”யைத்தான் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்துவிடம் காட்டினார் என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கோப்பை வாங்கிய நாளில்கூட இல்லை.

“பரியந்தம்” (வரை), “பூதலத்தோர்” (பூமியில் உள்ளவர்கள்) போன்ற பழைய சொற்களுக்கு அப்போதே பொருள் சொல்லிவிடுங்கள்.

7. புதிய வசனங்கள்

பழையவற்றில் பெரும்பங்கு மூன்றாம் அறையைத் தாண்டிய பிறகே புதியது. வாரம் நான்கு வசனம் போதும். பிலிப்பியர் அளவுள்ள நிருபம் ஒன்று 26 வாரத்தில் முடியும். கொலோசெயர் 95 வசனம், யாக்கோபு 108. நான் யாக்கோபுக்கு வாக்களிப்பேன். கட்டளைகள் நேரடியாக இருப்பதால் சிறுவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பின்சேர்க்கை

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, ஒப்புவித்தால் கேட்க ஆளில்லையே என்று கேட்டிருந்தார். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுத் திருத்துங்கள். ஒப்புவிப்பதற்கு முன் பழைய பதிவைக் கேட்கவே கூடாது. கேட்டால் காது சொல்லுவதை வாய் திருப்பிச் சொல்லும், நினைவுக்கு வேலை இருக்காது.

வெவ்வேறு பிரிவில் போட்டியிடும் இரண்டு பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். ஒருவர் ஒப்புவிக்கும்போது மற்றவர் வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்க்கட்டும். தங்கை அண்ணனைத் திருத்துவதை அனுமதியுங்கள். இருவருக்கும் பொதுவாகச் சங்கீதம் 121-ஐச் சேர்த்துக்கொள்ளலாம், எட்டு வசனம்தான்.

புதிய போட்டிப் பகுதி அறிவிக்கப்பட்டதும் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வாரநாட்கள் முழுவதும் புதிய பகுதிக்கே இருக்கட்டும். நான்காவது, ஐந்தாவது அறை அட்டைகளை மட்டும் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் எடுத்துப் பாருங்கள்.