கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா? பட்டிமன்றம் நடத்துவோருக்குச் சில குறிப்புகள்

"கஞ்சா நல்லதா, கெட்டதா" என்று தலைப்பு வைத்தால் பட்டிமன்றம் அங்கேயே முடிந்துவிடும். மதுரையில் கல்லூரி அரங்கமோ ஊர்த் திருவிழா மேடையோ, "நல்லது" என்று எழுந்தவரைக் கூட்டம் பேசவிடாது. எதிரணிக்கோ உழைக்காமலே கைத்தட்டு. தலைப்புக்குள் ஒரு திட்டம் இருக்க வேண்டும். 21 வயது நிறைந்தவர்களுக்கு அரசே கடை வைத்து விற்கலாமா? சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாமா? மருந்துக்கும் நாருக்கும் பயிரிட உரிமம் தரலாமா? மூன்றும் வேறு வேறு வழக்குகள். ஒன்றை எடுத்து நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். முதலாவதற்குக் கூட்டம் சேரும். ஆனால் இரண்டு பக்கமும் சரக்கு இருப்பது இரண்டாவதில்தான். மூன்றையும் கலந்து பேசும் மேடையில் நடுவருக்குத் தீர்ப்பு சொல்ல எதுவும் மிஞ்சாது.

அணிக்கு மூன்று பேர் போதும். நடுவர் தொடக்கவுரை 10 நிமிடம், பேச்சாளருக்கு எட்டெட்டு நிமிடம், தீர்ப்பு 15 நிமிடம். கைத்தட்டும் நடுவரின் குறுக்கீடும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம். திறந்தவெளி என்றால் காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும் என்பதால் எட்டேகாலுக்காவது தொடங்கிவிடுங்கள். மனுவில் தலைப்பை முழுதாக எழுதுங்கள். "கஞ்சா பட்டிமன்றம்" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் தேவையில்லாத கேள்விகள் வரும்.

பேச்சாளர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது சட்டம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனி. நுனியோடு சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வடநாட்டில் பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) கடைகள் நடப்பது இந்த இடைவெளியில்தான். தண்டனை எடையைப் பொறுத்தது. 1 கிலோ வரை சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. புகைத்ததற்கு மட்டும் என்றால் 27-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை. வணிக அளவு வழக்கில் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீன் எளிதில் கிடைக்காது. காம்பு, இலை, விதை எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டார்கள் என்ற வாதம் நீதிமன்றங்களில் அடிக்கடி எழுவது இதனால்தான்.

இரண்டாவது தலைப்பை எடுத்தால், எதிர்த்துப் பேசும் அணி 64ஏ பிரிவைக் கையில் வைத்திருக்கட்டும். போதைக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் சிக்கி, தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு; சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். "கதவு ஏற்கெனவே திறந்துதானே இருக்கிறது" என்று இந்த அணி கேட்கலாம். ஆதரவு அணி அதற்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்: எப்போதாவது புகைக்கும் கல்லூரி மாணவர் அடிமை இல்லை, அவருக்கு அந்தக் கதவு திறக்காது. இந்த ஒரு வெட்டு-ஒட்டிலேயே நல்ல பட்டிமன்றம் பாதி நடந்துவிடும்.

வெளிநாட்டு உதாரணங்களில்தான் பேச்சாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். போர்ச்சுகல் 2001-இல் கஞ்சா விற்பனையை அனுமதிக்கவில்லை; வைத்திருப்பதைக் குற்றவியல் வழக்கிலிருந்து எடுத்தது, அவ்வளவுதான். நெதர்லாந்திலும் விற்பனை சட்டப்படி சரியல்ல, கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். முழுதாக அனுமதித்ததற்கு உருகுவே (2013), கனடா (அக்டோபர் 2018) இரண்டையும் சொல்லுங்கள். ஜெர்மனியில் ஏப்ரல் 2024 முதல் பெரியவர் வெளியில் 25 கிராம் வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். ஆனால் கடை கிடையாது. தாய்லாந்து இரு அணிக்கும் உதவும்: 2022-இல் தடையை நீக்கியது, 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்பியது. "ஐ.நா.வே கஞ்சாவை அனுமதித்துவிட்டது" என்று யாராவது முழங்கினால் நடுவர் நிறுத்த வேண்டும். டிசம்பர் 2020-இல் அங்கு நடந்த வாக்கெடுப்பு, போதைப்பொருள் உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து மட்டுமே கஞ்சாவை எடுத்தது. முதல் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

உள்ளூர் வாதம் என்றால் டாஸ்மாக்தான். 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு கையில். அரசு விற்றால் கலப்படமும் கள்ளச்சந்தையும் குறையும் என்பது ஒரு பக்கம். வருமானத்தை ருசித்த அரசு கடையை மூடுமா என்பது மறுபக்கம். கூட்டத்தில் இருக்கும் பெண்களின் கைத்தட்டு இரண்டாவதற்குத்தான், அதை எண்ணியே ஆதரவு அணி பேச வேண்டும். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் மது குடிப்போர் சுமார் 16 கோடி, பாங்கும் கஞ்சாவும் சேர்த்து உபயோகிப்போர் சுமார் 3.1 கோடி என்கிறது. இந்த வேறுபாடு கஞ்சா பாதுகாப்பானது என்பதற்குச் சான்றல்ல. தடை இருப்பதால்தான் குறைவு என்று எதிரணி அதே எண்ணைத் திருப்பிப் போடும்.

சித்தர் பாடலையும் சிவனையும் இழுக்கும் பேச்சாளரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். சித்த மருத்துவத்தில் கஞ்சாவைச் சுத்தி செய்து (நச்சு நீக்கி), அளவோடு, வேறு சரக்குகளுடன் சேர்ப்பது; புகைப்பதற்கு அது சாட்சி ஆகாது. எதிரணியும் "ஒரு இழுப்பில் பைத்தியம்" என்று மிரட்ட வேண்டாம். இளவயதில் தொடங்கி, வீரியம் கூடியதை நாள்தோறும் உபயோகிப்பவருக்கு மனச்சிதைவு அபாயம் கூடுகிறது என்பதே போதுமான வலுவுள்ள வாதம்.

பொட்டலம் என்ன விலை, எந்தத் தெருவில் கிடைக்கும் என்ற பேச்சு மேடையில் வேண்டவே வேண்டாம். கைத்தட்டுக்காக ஒருவர் ஆரம்பித்தால் நடுவர் மணியடித்துவிடலாம். போதை மீட்பு உதவி எண் 14446-ஐ நோட்டீஸின் அடியில் பெரிய எழுத்தில் போடுங்கள். பேச்சு முடிந்ததும் யாராவது ஒரு தகப்பனார் மேடைக்குப் பின்னால் வந்து மெதுவாக விசாரிப்பார். அணித் தலைவர்கள் அங்கே வக்கீலாகவோ டாக்டராகவோ மாற வேண்டியதில்லை, நோட்டீஸைக் கையில் கொடுத்தால் போதும்.