‘ஏமாற்றிவிட்டார்’ என்று எழுதுவதற்கு முன்: கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளைஞர் தான் எழுதிய பட்டியலை அனுப்பி, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ரசிகர்களை அதிகம் ஏமாற்றிய பத்து வீரர்களின் பட்டியல் அது. மூன்றாவது இடத்தில் ஹாரிசன் பார்ன்ஸ் இருந்தார். அந்தப் பெயரைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. 2012 ஏப்ரலில் இதே பெயரை, ஏறக்குறைய இதே சொற்களில், நானும் எழுதியிருந்தேன்.

வட கரோலினாவுக்குக் குடிவந்த நாளிலிருந்து குளிர்காலம் முழுக்க எனக்குக் கல்லூரி ஆட்டங்கள்தான். மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எறிதலையும் குறித்துக்கொண்டே பார்ப்பேன். வார இறுதிகளில் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் செய்த தவறுகளைப் புதிதாக எழுத வருகிறவர்களும் அதே வரிசையில் செய்கிறார்கள். ஆண்டை மாற்றி எழுதுவது, வீரரின் உயரத்தைத் தப்பாகச் சொல்வது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. யாராவது சுட்டிக்காட்டினால் அவை அன்றைக்கே திருந்திவிடும். திருந்தாத தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

தரவரிசையை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது

பள்ளி வீரர்களின் தேசியத் தரவரிசை என்பது பதினேழு வயதுப் பையனைப் பற்றிய ஊகம். அவன் உடம்பு எப்படி வளரும், யாரிடம் பயிற்சி பெறுவான், எந்த இடத்தில் ஆடுவான் என்று எதுவும் தெரியாத நிலையில் போடப்படும் எண் அது. நாமோ அதை அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் போல நினைக்கிறோம்.

ஸ்கால் லாபிசியர் ஹெயிட்டியில் பிறந்தவர். 2010 பூகம்பத்தில் இடிந்து விழுந்த வீட்டுக்குள் சிக்கி, மணிக்கணக்கில் கிடந்து, உயிரோடு மீட்கப்பட்டவர். அதன் பிறகு டென்னசிக்கு வந்து ஆட்டத்தை வளர்த்துக்கொண்டார். 2015இல் கென்டக்கியில் சேர்ந்தபோது அந்த ஆண்டின் முதல் இரண்டு மூன்று பெயர்களில் அவர் பெயரும் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கென்டக்கியின் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், தொழில்முறை லீகான என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் முதல் ஆளாகப் போயிருந்தார். ‘அடுத்த டவுன்ஸ்’ என்று எல்லோரும் காத்திருந்தார்கள். லாபிசியர் ஒல்லியான உடம்புக்காரர். சற்றுத் தள்ளி நின்று குதித்து எறிவதுதான் அவருடைய பலம். அவரைக் கூடைக்கு அடியில், தோளோடு தோள் மோத வேண்டிய இடத்தில், நிறுத்தினார்கள். அந்தப் பருவம் ஆட்டத்துக்குச் சராசரியாக 6.6 புள்ளிகள், 3.1 ரீபவுண்டுகளோடு (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) முடிந்தது.

எமோனி பேட்ஸ் கதை இன்னும் வருத்தமானது. பதினைந்து வயதிலேயே தேசிய விளையாட்டு இதழின் அட்டையில் வந்தவர். பள்ளியின் கடைசி ஆண்டை விட்டுவிட்டு, பதினேழு வயதில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆட வந்தார். பருவத் தொடக்கத்தில், அதுவரை அவருக்குப் பழக்கமில்லாத பாயின்ட் கார்டு பொறுப்பும் (பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுத்து ஆட்டத்தை நடத்தும் வேலை) அவர் தலையில் விழுந்தது. சராசரி 9.7 புள்ளிகள். அடுத்த ஆண்டு சொந்த ஊரில் உள்ள கிழக்கு மிச்சிகனுக்குப் போய் 19.2 எடுத்தார். முதல் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் பலர். இரண்டாவது எண் வந்தபோது அவர்களில் பெரும்பாலானவர்கள் பார்ப்பதையே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

சராசரிப் புள்ளியை மட்டும் பார்ப்பது

மார்கெல் ஃபல்ட்ஸ் 2016-17இல் வாஷிங்டனுக்காக ஆட்டத்துக்கு 23.2 புள்ளிகள் எடுத்தார். ஆனால் அந்த அணி 9 ஆட்டங்களில் வென்று 22இல் தோற்றது. ஒருவருடைய சராசரி மட்டும் முழுக் கதையையும் சொல்லாது.

யார் கையிலிருந்து பந்து வந்தது என்று பார்க்காதது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தவறால் என் வார இறுதி அணியிலிருந்து ஒரு பையனை இழந்தேன்.

பார்ன்ஸ் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் ஊரிலிருந்து 2010இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவரைப் பருவ முன்னோட்ட ஆல்-அமெரிக்கா அணியில், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில், சேர்த்தது. ஒரு முதலாண்டு மாணவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. நவம்பரிலும் டிசம்பரிலும் அவர் எறிந்த பந்துகள் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தன. ஊரே முணுமுணுத்தது. கடையில், பஸ் நிறுத்தத்தில், அலுவலகத்தில் எல்லாம் அதே பேச்சு.

ஜனவரி நடுவில் ஜார்ஜியா டெக்கிடம் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற பிறகு, பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் பாயின்ட் கார்டை மாற்றினார். கென்டல் மார்ஷல் என்ற இன்னொரு முதலாண்டு மாணவர் அந்த இடத்துக்கு வந்தார். மார்ஷல் வேகமாக ஓடக்கூடியவர் அல்லர், நன்றாக எறிபவரும் அல்லர். ஆனால் மற்றவர் எங்கே வந்து நிற்கப் போகிறார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதன் பிறகு பார்ன்ஸ் வேறு ஆள் போல ஆடினார். மார்ச்சில் ஏசிசி (வட கரோலினா ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு) தொடரின் அரையிறுதியில் கிளெம்சனுக்கு எதிராக 40 புள்ளிகள் எடுத்தார். ‘இதோ, நாம் எதிர்பார்த்த வீரர்’ என்று ஊர் கொண்டாடியது. நானும் அப்படியே நோட்டில் எழுதினேன். என்ன மாறியது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த ஆண்டு, 2012 மார்ச்சில், பருவ முடிவில் நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் தேசியத் தொடரில் கிரேட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் மார்ஷலின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தில் 351 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போடும்படி கொடுத்த பந்து) கொடுத்து ஏசிசி சாதனை படைத்திருந்தவர் அவர். அடுத்த இரண்டு ஆட்டங்களும் செயின்ட் லூயிஸில். ஒஹையோ பல்கலைக்கழகத்தைக் கூடுதல் நேரத்தில் வென்றார்கள், கான்சஸிடம் 80-67 என்று தோற்று வீடு திரும்பினார்கள். அந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து பார்ன்ஸ் 30 முறை எறிந்ததில் 8 மட்டுமே கூடைக்குள் போயின.

‘பெரிய ஆட்டம் வந்தால் மனம் தளர்ந்துவிடுகிறவர்’ என்று அன்றிரவு எழுதினேன். அந்த வரியை இப்போது படித்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ஷலுக்குப் பதிலாக வந்த ஸ்டில்மன் வைட் முதலாண்டு மாணவர். அந்தப் பருவத்தில் அதிகம் ஆடாதவர். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 13 அசிஸ்ட் கொடுத்தார், ஒரு முறைகூடப் பந்தை இழக்கவில்லை. அதனால் ‘பாயின்ட் கார்டு நன்றாகத்தானே ஆடினார், குற்றம் பார்ன்ஸுடையதுதான்’ என்று வாதிட்டவர்களில் நானும் ஒருவன். எண்ணிக்கை எனக்குத் திரை போட்டுவிட்டது.

பல மாதங்கள் கழித்து அந்த ஆட்டங்களை மறுபடியும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மார்ஷல் கொடுத்த பந்து, பார்ன்ஸ் ஸ்கிரீனை (எதிர் வீரரை மறித்து நிற்கும் சக வீரரை) சுற்றி வந்து கால் ஊன்றும் அதே கணத்தில் நெஞ்சுக்கு நேரே வந்துவிடும். பிடித்தார், எறிந்தார். தரையில் பந்தைத் தட்டுவதற்கே வேலை இருக்காது. வைட் கொடுத்த பந்து பாதுகாப்பான பந்து. தவறாமல் வந்து சேரும், ஆனால் அரை நொடி பிந்தி வரும். அதற்குள் எதிர் வீரர் முன்னால் வந்து நின்றுவிடுவார். பார்ன்ஸ் இரண்டு மூன்று முறை பந்தைத் தட்டி, ஆளைக் கடந்து, நிலைதடுமாறி எறிய வேண்டியிருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு போய்த் தானே வாய்ப்பை உண்டாக்கிக்கொள்வதில் அவர் முதல் நாளிலிருந்தே கெட்டிக்காரர் அல்லர். அது 2010 நவம்பரிலேயே கண் முன்னால் இருந்த விஷயம். வட கரோலினாவுக்கு வந்த வீரர் ஒருவர்தான். பந்து வந்த கை இரண்டு முறை மாறியது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் பெரும்பாலும் அந்த மாற்றம்தான்.

அந்த 2012 கோடையில் என் வார இறுதி அணியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மூலையில் நின்று பந்தைப் பிடித்து எறிவதில் அவனுக்கு ஈடு அந்த வட்டாரத்தில் இல்லை. எங்கள் பாயின்ட் கார்டின் குடும்பம் வேறு ஊருக்கு மாறிப் போனது. ‘நீதான் சிறந்தவன், இனிமேல் நீயே பந்தைக் கொண்டுபோ’ என்று அந்தப் பொறுப்பையும் இவனிடம் கொடுத்தேன். மூன்று ஆட்டங்களில் அவன் எறிந்த பந்து எதுவும் விழவில்லை. நான்காவது ஆட்டத்தில் அவனை வெளியே உட்கார வைத்து, மற்ற பிள்ளைகள் கேட்கும்படி, ‘உனக்குத் துணிவு போதாது’ என்றேன். அவன் தலை குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அவன் அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். ‘அவனுக்கு இப்போது ஆர்வம் இல்லை’ என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். பார்ன்ஸைப் பற்றி நான் எழுதிய பொய்யான வரி தாளில் மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் கேடு இல்லை. அதே வரியை ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

ஆகவே, யாரையும் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அவருடைய நல்ல ஆட்டங்களில் இரண்டையும் மோசமான ஆட்டங்களில் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எறிதலுக்கும் மூன்று குறிப்பு எழுதுங்கள்: பந்தைக் கொடுத்தது யார், எறிவதற்கு முன் எத்தனை முறை தரையில் தட்டினார், எதிர் வீரர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாரா. நான்கு ஆட்டங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பாதி நேரம் நீங்கள் எழுத நினைத்திருந்த கட்டுரையே வேறாகிவிடும். மூன்று குறிப்புகளையும் பார்த்த பிறகும் அந்த வீரர்மேல் தான் குற்றம் என்று தெரிந்தால் தைரியமாக எழுதுங்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு.

பார்ன்ஸ் பிறகு கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனார். ஸ்டீஃபன் கரி, கிளே தாம்சன் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் உண்டாக்கிக் கொடுத்த வாய்ப்புகளை எறிந்து, 2015 சாம்பியன் அணியில் தொடக்க ஐவரில் ஒருவராக இருந்தார்.

கடைசி ஆட்டத்தை வைத்துப் பருவத்தை அளப்பது

ஆண்ட்ரூ விக்கின்ஸ் 2013-14இல் கான்சஸுக்காக ஆட்டத்துக்கு 17.1 புள்ளிகள் எடுத்தார். மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிராக 41. தேசியத் தொடரில் ஸ்டான்ஃபர்டிடம் தோற்ற ஆட்டத்தில் 4 மட்டுமே. பலருக்கு அந்த 4தான் ஞாபகம் இருக்கிறது. அன்று அவருடைய சக வீரர் ஜோயல் எம்பீட் முதுகு வலியால் ஆடவில்லை என்பது ஞாபகம் இல்லை.

பிப்ரவரியில் தீர்ப்பு எழுதுவது

2013-14இல் கென்டக்கியின் இரட்டையர்களான ஆரன், ஆண்ட்ரூ ஹாரிசனைத் திட்டாத ரசிகர் இல்லை. பருவத்தை முதலிடத்தில் தொடங்கிய அணி தேசியத் தொடருக்கு முன் 10 ஆட்டங்களில் தோற்று, தன் பதினாறு அணிப் பிரிவில் எட்டாம் இடத்தில்தான் உள்ளே வந்தது. அதன் பிறகு லூயிவில், மிச்சிகன், விஸ்கான்சின் என்று அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களில் ஆரன் ஹாரிசன் இறுதிக் கட்டத்தில் மூன்று புள்ளி எறிந்து அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்.

காயத்தை விசாரிக்காதது

முதலில் அறுவை சிகிச்சைச் செய்தியைத் தேடுங்கள். பிறகு எழுதுங்கள்.

பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நேரடியாக வசை எழுதி அனுப்புவது

வேண்டாம்.

இடம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது

மேலே சொன்னதை எல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியானால் குற்றம் எப்போதும் அணியுடையதுதான்’ என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இளைஞரின் பட்டியலில் முதல் இடத்தில் இருந்த கேலப் லவ் விஷயத்தில் எனக்கே அந்த ஆசை வந்தது.

2022 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசியத் தொடர் அரையிறுதியில் டியூக்குக்கு எதிராக வட கரோலினாவின் லவ் 28 புள்ளிகள் எடுத்தார். மைக் ஷிஷெவ்ஸ்கி டியூக்கின் பயிற்சியாளராக இருந்த கடைசி ஆட்டம் அது. இரண்டு நாள் கழித்து கான்சஸுக்கு எதிரான இறுதியில் 24 முறை எறிந்து 5 மட்டுமே போட்டார். அடுத்த பருவத்தை வட கரோலினா முதலிடத்தில் தொடங்கி, தேசியத் தொடருக்கே தகுதி பெறாமல் முடித்தது. 1985இல் தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு எந்த அணிக்கும் அப்படி நேர்ந்ததில்லை. பழியில் பெரும்பங்கு லவ் மேல் விழுந்தது. வெளியே நின்று எறிந்து எதிர் அணியின் உயரமான வீரரை வெளியே இழுத்துக்கொண்டிருந்த பிரேடி மானெக் அந்த ஆண்டு இல்லை என்பதைப் பேசியவர்கள் குறைவு.

லவ் அரிசோனாவுக்கு மாறினார். 2023-24இல், அரிசோனா அப்போது ஆடிய கூட்டமைப்பான பாக்-12இன் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவரோடு வட கரோலினாவில் ஆடிய ஆர்.ஜே. டேவிஸ் அங்கேயே தங்கி ஏசிசியின் சிறந்த வீரரானார். ஆக, இருவருக்கும் இடப்பிரச்சினைதான், முடிந்தது கணக்கு என்று நோட்டை மூடப் பார்த்தேன்.

2024 மார்ச் 28 அன்று இரண்டு அணிகளும் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே அரங்கில், ஒரே இரவில், அடுத்தடுத்து ஆடின. இருவரும் வென்றிருந்தால் அடுத்த சுற்றில் எதிரெதிரே நின்றிருப்பார்கள். அரிசோனா கிளெம்சனிடம் தோற்றது. லவ் ஒன்பது முறை மூன்று புள்ளிக்கு எறிந்தார், ஒன்றும் போகவில்லை. வட கரோலினா அலபாமாவிடம் இரண்டு புள்ளியில் தோற்றது. டேவிஸும் ஒன்பது முறை மூன்று புள்ளிக்கு எறிந்தார், ஒன்றும் போகவில்லை. அந்தப் பதினெட்டு எறிதல்களுக்கும் மேலே சொன்ன மூன்று குறிப்புகளையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இளைஞருக்கு அனுப்பினேன். பட்டியலை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுவதாகப் பதில் எழுதியிருக்கிறார்.