சிறுநீரகக் கல்: பாலை விலக்கி உப்பை விட்டுவைக்கும் தவறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒருவருக்குக் கல் வலி வந்து, அவர் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிவிட்டால், அந்த வீட்டில் முதலில் நிறுத்தப்படுபவை பாலும் தயிரும்தான். அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பெரியப்பா வீட்டிலும் அதுவே நடந்தது. கல்லில் இருப்பது கால்சியம், பாலில் இருப்பதும் கால்சியம், ஆகவே பால் ஆகாது என்று அவராகவே முடிவு செய்து, தேநீரைக்கூடப் பாலின்றிக் குடிக்கத் தொடங்கினார்; சோற்றோடு தொட்டுக்கொள்ளும் மாங்காய் அச்சாரும் மாலையில் மெல்லும் பில்டாங் என்ற உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் மட்டும் அப்படியே தொடர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் அவருக்கு மறுபடியும் கல் வந்தது. நான் பார்த்த வரையில் நம் குடும்பங்களில் இதைவிடப் பரவலான தவறு வேறு இல்லை.

சிறுநீரகக் கற்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு கால்சியம் கற்கள். அவற்றிலும் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட் கற்கள். ஆக்சலேட் என்பது கீரை, கிழங்கு, பீட்ரூட், பாதாம் போன்றவற்றிலிருந்து உடலுக்குள் வருவது. ஒரே வேளை உணவில் பாலோ தயிரோ இருந்தால், அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பாலை நிறுத்தும்போது பிடிக்க ஆளில்லாத ஆக்சலேட் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே கால்சியத்தோடு சேர்கிறது. இத்தாலியில் லோரிஸ் போர்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்து, முடிவை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்து உண்ட 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது; கால்சியத்தை வழக்கமான அளவில் வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே வந்தது. கால்சியம் மாத்திரை வேறு. சாப்பாட்டோடு சேராமல் தனியாக விழுங்கினால் அது குடலில் ஆக்சலேட்டைப் பிடிக்காது என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

உப்புக்கும் கல்லுக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கிறார்கள். சிறுநீரகம் மிகையான சோடியத்தை வெளியேற்றும்போது கால்சியமும் அதோடு சிறுநீரில் இறங்குகிறது. அச்சாரும் கருவாடும் பில்டாங்கும் கல்லுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தருவது இப்படித்தான். ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றில் சோடியத்தின் அளவுக்குத் தென்னாப்பிரிக்கச் சட்டமே 2016 ஜூன் முதல் வரம்பு கட்டியிருக்கிறது என்றாலும், அடுப்படியில் நம் கை போடும் உப்பை எந்தச் சட்டமும் அளக்காது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இறைச்சி விஷயத்தில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. புரட்டாசியில் மாதம் முழுவதும் கவிச்சி தொடாத வீடுகள் இங்கே ஏராளம். இறைச்சி, கோழி, மீன் ஆகிய மூன்றுமே யூரிக் அமிலத்தைக் கூட்டி, கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட்டைச் சிறுநீரில் குறைப்பவை. ஆகவே அந்த மாதம் சிறுநீரகத்துக்கும் ஓய்வுதான். ஆனால் அதே மாதத்தில் நாள் தவறாமல் பசலைக்கீரையையும், சேப்பங்கிழங்கின் இனமான மதும்பியையும் பால், மோர் எதுவும் சேராமல் உண்பது, ஆக்சலேட் கல் வந்தவருக்கு ஆகாது. கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட் கணிசமாகக் குறையும். மதும்பிக் கறிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிரோ, கடையில் விற்கும் மாஸ் என்ற புளித்த பாலோ இருந்தால் மீதியையும் அது பார்த்துக்கொள்ளும். கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றி அறியாதவர் இல்லை. எவ்வளவு என்பதில்தான் பிழை நேர்கிறது. குடிக்கும் அளவைவிடக் கழியும் அளவே முக்கியம்: கல் வந்தவருக்கு ஒரு நாளில் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும். டர்பனின் சனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்வையாகவே நிறைய நீர் போய்விடும். தைப்பூசக் காவடி விழுவதும் அந்தக் கோடையில்தான். விரதமிருந்து வெயிலில் நடப்பவர்களில் முன்பு கல் வந்தவர்கள், முந்தின இரவிலும் காவடி இறக்கியவுடனும் தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகத்துக்குக் கோலா பானத்தை நாடுவது தவறு. எலுமிச்சம்பழம் பிழிந்த நீர் சிட்ரேட்டைத் தரும். அதில் சர்க்கரையும் உப்பும் வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டு நீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தக்காளி விதையால் கல் வரும் என்பது தலைமுறைகளாகத் தொடரும் நம்பிக்கை. தக்காளியில் ஆக்சலேட் குறைவு, அதை ஒதுக்கத் தேவையில்லை. மாறாக, சளி பிடிக்காதிருக்க விழுங்கும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. உடல் அதில் ஒரு பகுதியை ஆக்சலேட்டாகவே மாற்றுகிறது. சுவீடன் நாட்டு ஆண்களிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அம்மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. வாழைத்தண்டுச் சாற்றை உணவாகக் குடிப்பதில் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒருவருக்கு எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலை மற்றவர் பின்பற்றுவது இன்னொரு பிழை. இந்நாட்டுக் கறுப்பின மக்களிடம் சிறுநீரகக் கல் மிக அரிதாக இருப்பதன் காரணத்தைக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆலன் ராஜர்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். உணவோடு உடலின் இயல்பும் சேர்ந்தே இதை முடிவு செய்கிறது. கிருமித் தொற்றால் வரும் கல்லுக்கும் பரம்பரையாக வரும் சிஸ்டின் கல்லுக்கும் கீரைக் கணக்கு உதவாது. யூரிக் அமிலக் கல்லுக்கு இறைச்சியைக் குறைப்பதும் சிறுநீரின் அமிலத்தன்மையைத் தணிப்பதுமே வழி. ஆகவே கல் இறங்கும் நாட்களில் சிறுநீரை மெல்லிய சல்லடையில் வடிகட்டி, அகப்படும் துணுக்கைக் காய்ந்த சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுத்து, அது எந்தக் கல் என்று சோதிக்கச் சொல்லுங்கள். பெரியப்பா அப்படிக் கொடுத்தது இரண்டாவது கல்லைத்தான். அது கால்சியம் ஆக்சலேட் என்று தெரிந்த பிறகே அவருடைய தேநீரில் மறுபடியும் பால் சேர்ந்தது.